குடத்தில் பொறித்த பெயர்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பேராற்றின் தோற்றுவாயைத் தேடிச் சென்றால் அங்கே ஒரு சிறு கசிவையே காண்போம். சான்றோர் ஒருவரின் பிறப்பைத் துருவினால் அவர்தம் பெருமைக்குப் பொருந்தாத ஒன்றைக் காணவும் கூடும். ஆதலின் பயனைக் கொள்க, மூலத்தை நாடற்க என்பது இதன் கருத்து. மாந்தரைப் பிறப்பால் அளக்கலாகாது என்னும் உயர்ந்த நோக்கம் இதனுள் அடங்கியிருப்பதை மறுப்பார் இலர். ஆயினும் கடல் கடந்து வந்த தோட்டத்துத் தமிழரிடையே இப்பழமொழி வேறொரு வேலையையும் செய்துவிட்டது. "நாம் எந்த ஊர்? தாத்தாவின் அப்பா பெயர் என்ன?" என்று கேட்ட பிள்ளைகளின் வாயை அடைக்க அது பயன்பட்டது.

விளைவு யாது? இன்று தமிழ்ப்பள்ளி மாணவரிடம் சோழ வேந்தர் பெயர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார். தம் பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் விழிப்பார். ஆசிரியராகிய நானும் நெடுங்காலம் அவ்வாறு விழித்தவனே. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், மந்தினை அடுத்த இரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த நான், எம் குடும்பத்தின் வரலாற்றைத் தேடிச் சென்ற வழியையும், அவ்வழியில் கற்ற சிலவற்றையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையில் ஈண்டு எழுதுகிறேன்.

மந்தினும் அதன் மக்களும்

சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலையில், குன்றுகளைச் சுற்றி வளைந்து ஏறி இறங்கினால் வரும் சிறு பட்டணம் மந்தின். இப்பகுதிக்கு முதலில் மக்களை ஈர்த்தது ஈயம். ஈயச் சுரங்கங்களை நாடி வந்த ஹக்கா சீனர் இங்கே குடியேறினர். அவர்தம் பழைய கிராமத்தை நில மேம்பாட்டினின்று காக்க அதன் மக்கள் 2013ஆம் ஆண்டளவில் நடத்திய போராட்டம் பலர் நினைவில் இருக்கும்.

ஈயத்தை அடுத்து வந்தது இரப்பர். 1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனப் பெருந்தகை வணிக நோக்கில் இரப்பரைப் பயிரிட்டார். நெகிரி செம்பிலானும் அவ்வாண்டிலேயே கூட்டு மலாய் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள், காடாய்க் கிடந்த குன்றுச் சரிவுகள் நிரை நிரையாய்ப் பால்மரங்கள் நிற்கும் தோட்டங்களாயின. காட்டை அழித்தவரும், மரத்தை நட்டவரும், விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்று, பின் கத்தியும் வாளியுமாய் மரம் சீவச் சென்றவரும் பெரும்பாலும் தமிழரே.

இம்மண்ணில் நமக்கு அண்டை அயலாராய் வாழ்பவர் இரு சாரார். ஒருவர் மினாங்கபாவ் வழிவந்த மலாய்க்காரர். 'அடாட் பெர்ப்பாத்தே' என்னும் அவர்தம் வழக்கப்படி ஒருவரின் குலம் தாய்வழியே அறியப்படும். குலச் சொத்தாகிய நிலம் மகளிர்க்கே சேரும். தாம் பன்னிரு குலங்களுள் எதனைச் சேர்ந்தவர் என்பதைச் சிறுவரும் அறிவர். மற்றவர் சீனர். குடும்பப் பெயரை முன்னே வைத்து அழைக்கும் அவர்கள், முன்னோர் பெயர் பொறித்த பலகையை வீட்டில் வைத்து வணங்குவர். ஒரே தலைமுறையில் பிறந்த ஆண்மக்கள் பெயரில் ஒரு பொது எழுத்தை வைக்கும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஒரே சந்தையில் கூடும் மூவினத்தாருள் இருவருக்குத் தம் மரபை நினைவில் வைக்க ஒரு வழி இருந்தது. நமக்கு என்ன இருந்தது?

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு முன்னெழுத்து. மகனுக்கு மகன் பிறந்தால் அம்முன்னெழுத்தும் மாறிவிடும். ஆகவே ஏட்டில் எழுதப்பட்ட எந்தப் பெயரும் இரண்டு தலைமுறைக்கு அப்பால் செல்வதில்லை. இக்குறையை நிறைவு செய்ய நம் முன்னோர் வேறொரு வழி கண்டிருந்தனர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதே அது. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபாகும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். தமிழாசிரியர் அனைவரும் அறிந்த இச்சொல்லாய்வு, எம் குடும்ப வரலாற்றின் பூட்டைத் திறக்கும் சாவியாய் அமையும் என்று நான் கருதியதில்லை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

எண்ணிக்கையாய் வந்தவர்கள்

மலாயாவுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்த முறைகள் இரண்டு. முதலாவது ஒப்பந்த முறை. 'சஞ்சிக்கூலி' எனப்பட்ட இம்முறை 1910இல் தடைசெய்யப்பட்டது. மற்றொன்று கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் அழைத்து வருவது இது. 1907இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடிநுழைவுக் குழு, தோட்ட முதலாளிமாரிடம் பணம் திரட்டி, அந்நிதியிலிருந்து பயணச் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கிப் பின் கப்பலேறினர் நம்மவர். 'இராஜுலா' என்னும் கப்பலின் பெயரை அறியாத முதியவர் அரியர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது இக்கடலில் ஓடியது. 1938 சூன் திங்களில் இந்திய அரசு இவ்வகை ஆள்சேர்ப்புக்குத் தடை விதித்தது. எம் பாட்டியார், நாங்கள் 'அப்பாயி' என்றழைத்தவர், இத்தடைக்குச் சற்று முன்னர் வந்தவர்.

வந்தவர்களைப் பற்றிய ஏடுகள் இல்லையா என்று கேட்கலாம். ஏடுகள் உள்ளன. ஆண்டுதோறும் எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேர் காய்ச்சலில் இறந்தனர் என்பவற்றைத் தொழிலாளர் இலாகாவின் அறிக்கைகள் குறித்து வைத்துள்ளன. அவற்றில் எண்ணிக்கை உண்டு. ஆளைக் காண்பது அரிது.

பிற நாடுகளை நோக்கினால் இவ்வேறுபாடு விளங்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவை கப்பல்வாரியாக எழுதப்பட்டன. அப்பட்டியல்கள் இன்றும் உள்ளன. அடிமைத்தனத்தை ஒத்த அவ்வொப்பந்தம் தன்னையறியாமல் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சான்றை விட்டுச் சென்றது. உறவும் ஊரும் என்னும் வாய்ச்சொல்லை நம்பி வந்த கங்காணிக் குடிகளுக்கு அத்தகைய தொடர்ச்சியான பதிவு எளிதில் கைக்கு எட்டுவதில்லை.

இத்தாலி நாட்டின் சிசிலித் தீவினர் வரலாறும் ஒப்பு நோக்கத்தக்கது. வறுமையால் ஊரைவிட்டு அமெரிக்கா சென்ற அவர்களும் நம்மைப் போன்ற உழவர்களும் கூலிகளுமே. நியூயார்க்குத் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்னும் குடிநுழைவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அதன் வழியே நுழைந்தனர். பயணியர் பட்டியலில் பெயர், வயது, தொழில், கடைசியாக வாழ்ந்த ஊர் ஆகியவற்றோடு, 1907க்குப் பின் ஊரிலுள்ள நெருங்கிய உறவினர் பெயரும் எழுதப்பட்டது. சிசிலியிலோ 1820 முதலே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை ஊர்தோறும் பதியப்பட்டு வந்தன. கடலின் இருகரையிலும் ஏடு இருந்தமையால் பேரன் ஒருவன் ஒரு கரையில் தொடங்கி மறுகரையை எட்ட முடிகிறது. மேலும், சிசிலியில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது வழக்கம். ஏடு கிழிந்த இடத்திலும் ஆய்வாளர் பேரன் பெயரைக் கொண்டு பாட்டனைக் கண்டுபிடிப்பர். நம் 'பெயரன்' வழக்கத்துக்கு மத்தியதரைக் கடலிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பது வியப்புக்குரியது.

மூவகைச் சான்றுகள்

ஏடு குறைந்த இடத்தில் வரலாறு எழுத முடியுமா? முடியும். தோட்டத்துக் குடும்ப வரலாற்றுக்கு மூவகைச் சான்றுகள் உள்ளன.

முதலாவது ஏட்டுச் சான்று. பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, கோயில் திருவிழா அழைப்பிதழில் அச்சிட்ட உபயதாரர் பெயர்கள் ஆகியன இதில் அடங்கும். இவற்றுள் அடையாள அட்டை தனிச் சிறப்புடையது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவருக்கும் நிழற்படமும் கைரேகையும் கொண்ட அட்டை வழங்கப்பட்டது. தோட்டத்து மக்கள் பலரின் முதல் நிழற்படம் அதுவே. ஐயத்துக்குரியவரைப் பிரித்தறிய விரும்பிய அரசு எடுத்த படத்தில்தான் நம் பாட்டிமார் முதன்முதலாக நம்மை நோக்குகின்றனர்.

ஏட்டுச் சான்றை நம்பும்போதும் விழிப்பு வேண்டும். ஆங்கிலங் கற்ற கிராணி தம் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர் ஆண்டுக்கு ஓர் எழுத்தாய் மாறியிருக்கும். பிறந்த நாள் தெரியாதவருக்கு ஆண்டின் முதல் நாளே பிறந்தநாள் ஆகியிருக்கும். ஏட்டில் உள்ளதாலேயே அது மெய்யாகிவிடாது.

இரண்டாவது பொருட் சான்று. தாலி, பித்தளைப் பாத்திரம், அம்மி, நிழற்படத்தின் பின்புறம் பதித்த கடை முத்திரை ஆகிய யாவும் பேசும், கேட்கத் தெரிந்தால்.

மூன்றாவது வாய்மொழிச் சான்று. இதிலும் கேட்கும் முறை அறிந்து கேட்க வேண்டும். முதியவரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் விடை வராது. 1926ஆம் ஆண்டு இறுதியில் வந்த பெருவெள்ளத்துக்கு முன்னா பின்னா, 1929இல் பெரியார் வந்தபோதா, 1937இல் நேரு வந்தபோதா, சப்பானியர் வருமுன்னா, அவர்கள் போன பின்னா என்று கேட்டால் கணக்காக விடை வரும். எந்தத் துரை காலம், எந்த மலைச் சரிவில் நிரை, எந்தக் கங்காணி என்று கேட்டாலும் நினைவு தானே ஊறிவரும்.

ஊர்ப் பெயரிலும் ஓர் இடர் உண்டு. 'ஆத்தூர்' என்று ஒருவர் கூறினால் அஃது எந்த ஆத்தூர்? சேலத்தை அடுத்து ஓர் ஆத்தூர் உண்டு. திண்டுக்கல் பக்கம் ஒன்று உண்டு. தாமிரபரணிக் கரையில் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஒன்று உண்டு. மாவட்ட எல்லைகளோ பன்முறை மாறிவிட்டன. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன. வட ஆர்க்காடு 1989இலும், தென் ஆர்க்காடு 1993இலும் பிரிக்கப்பட்டன. தாத்தா சொன்ன மாவட்டத்தில் இன்று அவ்வூர் இராது. ஊர்ப்பெயரோடு ஆற்றின் பெயர், மலையின் பெயர், குலதெய்வத்தின் பெயர் ஆகியவற்றையும் கேட்டறிதல் இன்றியமையாதது. குடிபெயர்ந்தோர் எதை மறந்தாலும் குலதெய்வத்தை எளிதில் மறப்பதில்லை.

குடம்

எம் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அப்பாயியின் குடம் அது. 1990களில் எங்கள் தோட்டம் கைமாறி, பால்மரங்கள் வெட்டப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டபோது, தந்தையார் புதுக் குடியிருப்புக்கு எடுத்துவந்த பொருள்களுள் அதுவும் ஒன்று. அப்பாயி மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பொங்கலுக்கு முன் அதனைப் புளியிட்டுத் துலக்கியபோது, கழுத்தின் கீழே புள்ளி புள்ளியாய் வெட்டிய தமிழ் எழுத்துகள் தெரிந்தன. ஓர் ஆண்மகன் பெயர். அதை அடுத்து 'ஆத்தூர்'. அது எம் தாத்தாவின் பெயரன்று.

தந்தையாரைக் கேட்டேன். "பழைய பாத்திரம். யாருடையதோ," என்றார். நானும் விட்டுவிட்டேன். பழைய பாத்திரங்கள் கைமாறுவது தோட்டத்தில் புதிதன்று.

பல ஆண்டுகள் கழித்து, மாணவர்க்குக் குடும்ப வரலாறு எழுதும் பயிற்சி கொடுத்தேன். "சார், உங்கள் குடும்ப வரலாற்றை நீங்கள் எழுதியிருக்கிறீர்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடை சொல்ல இயலாத நான் அவ்வார இறுதியிலேயே சிரம்பானில் தம் மூத்த மகனோடு வாழ்ந்த அத்தையைக் காணச் சென்றேன். தந்தையாருக்கு ஏழு வயது மூத்தவர் அவர். அப்போது எண்பதைக் கடந்திருந்தார். முதல் நாள் அத்தை கப்பலைப் பற்றிச் சொன்னார். ஆயாக்கொட்டகையைப் பற்றிச் சொன்னார். கள்ளுக்கடைச் சண்டைகளைப் பற்றிச் சொன்னார். தம் தந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை சென்றபோது குடத்தை எடுத்துச் சென்றேன்.

அத்தை குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். எழுத்துகளை விரலால் தடவினார். நெடுநேரம் கழித்து, "இது எங்கப்பா பேரு, தம்பி," என்றார்.

நான் திகைத்தேன். அத்தையின் தந்தையும் என் தந்தையின் தந்தையும் ஒருவரே என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எண்ணியிருந்தவன் நான். அத்தை மெல்லச் சொன்னார். அவருக்கு மூன்று வயது நடந்த 1943ஆம் ஆண்டில், மூன்று மாத வேலை என்று சொல்லி அவர் தந்தையைச் சயாமுக்குக் கொண்டுசென்றனர். அவர் திரும்பவில்லை. போர் முடிந்தபின், அதே தோட்டத்தில் மனைவியை இழந்து வாழ்ந்த ஒருவர் அப்பாயியை மணந்துகொண்டார். அவரே எம் தாத்தா. 1947இல் என் தந்தை பிறந்தார்.

"அப்பாயி ஏன் இதை ஒருநாளும் சொல்லவில்லை, அத்தை?"

"புருஷன் பேரை எந்தப் பொம்பளை வாய்விட்டுச் சொன்னா அந்தக் காலத்துலே?"

அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. குடத்தில் இருந்த பெயர் எனக்குப் புதியதன்று. அத்தையின் மூத்த மகன் பெயரும் அதுவே. சிறு வயது முதல் அந்த அத்தானை அப்பெயரால் பன்னூறு முறை அழைத்திருக்கிறேன். அத்தை தம் தந்தையின் பெயரைத் தம் மகனுக்கு இட்டிருந்தார். அவர் உண்மையிலேயே பெயரன். அப்பாயி மட்டும் அந்தப் பேரனை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "பெரியவனே" என்றுதான் அழைப்பார். செல்லத்தால் அவ்வாறு அழைக்கிறார் என நாங்கள் எண்ணியிருந்தோம். கணவன் பெயரைச் சொல்லலாகாது என்னும் வழக்கத்தை, அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் கைக்கொண்டிருந்தார்.

பெயர் மறைக்கப்படவில்லை. அது எங்கள் வீட்டு முற்றத்திலேயே ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

ஆயினும் நினைவு ஒன்றையே நம்பி வரலாறு எழுதலாகாது. அத்தை பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை பெற்றபோது, அன்று குடும்பத் தலைவராய் இருந்தவர் பெயரே தந்தை பெயராய் எழுதப்பட்டிருந்தது. ஆகவே பிறப்புப் பதிவின் படியை விண்ணப்பித்துப் பெற்றோம். ஆங்கில எழுத்தில் சற்றே சிதைந்திருந்தாலும், தந்தையின் பெயர் என்னும் இடத்தில் குடத்தில் கண்ட பெயரே இருந்தது. பொருளும் ஏடும் வாய்மொழியும் ஓரிடத்தில் கூடின.

கல் இல்லாதவர்கள்

சயாம்–பருமா இரயில் பாதை தாய்லாந்தின் பான் பொங் முதல் பருமாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் திங்களில் முடிக்கப்பட்டது. இதில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் மாண்டவர் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன. அறியப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த பலகை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்ட பல்லாயிரம் தமிழர்க்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இக்கொடுமையைத் தமிழில் பதிவு செய்தன. அவை செய்த தொண்டு பெரிது. எனினும் புனைகதையில் வரும் பெயர்கள் புனைபெயர்களே. மாண்டவரின் மெய்ப்பெயர்கள் அவரவர் குடும்பத்தில்தான் உள்ளன, இருந்தால்.

வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்தது நம் பழந்தமிழ் மரபு. சங்க இலக்கியம் கற்பிக்கும் நாம் இதனை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்குகிறோம். நம் சொந்தப் பாட்டனாரின் பெயர் எங்கே பொறிக்கப்பட்டுள்ளது என்று நாம் கேட்டதுண்டா? எம் குடும்பத்தில் அது ஒரு குடத்தில் இருந்தது.

எழுதலாமா?

இவ்வளவையும் திரட்டியபின் ஓர் இடர் எழுந்தது. எழுதியதைத் தந்தையாரிடம் காட்டினேன். அவர் முகம் வாடியது. "எங்கம்மாவைப் பற்றி ஊர் என்ன பேசும்? எங்கப்பாவுக்கு இதனால் குறைவு வராதா?" என்று கேட்டார். அவர் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இரு மரணங்களுக்கு இடையில் ஒரு பெண் தன் குழந்தையைக் காக்க மேற்கொண்ட முடிவு அது. அவர் எழுபது வயது மகன் அதனை எண்ணி அஞ்ச வேண்டிய நிலையில் நம் சமுதாயம் இன்றும் இருக்கிறது என்பதே எனக்கு வருத்தமளித்தது.

குடும்ப வரலாறு எழுதுவோர் பலர் செய்யும் தவறுகள் இரண்டு. தம் முன்னோரைச் சிற்றரசர் என்றும் பெருநிலக்கிழார் என்றும் கூறிக்கொள்வது ஒன்று. மறுமணம், சாதி கடந்த உறவு, கடன், கள், சிறை ஆகியவற்றை மறைத்துவிடுவது மற்றொன்று. முதலாவது பொய், இரண்டாவது, மாண்டவரை இரண்டாம் முறை புதைப்பது. ஆயினும் உண்மை என்னும் பெயரால் உயிரோடிருப்பவரைப் புண்படுத்தவும் நமக்கு உரிமையில்லை. யாருடைய கதையோ அவரிடம் கேட்டே எழுதவேண்டும்.

நான் தந்தையாரிடம் ஒன்றைச் சொன்னேன். அக்குடத்திலுள்ள பெயரை அடித்துச் சமன்செய்து வேறு பெயரை வெட்டித்தரச் சிரம்பானில் பாத்திரக்காரருக்குச் சில காசுகளே ஆகியிருக்கும். தாத்தா அதைச் செய்யவில்லை. தமக்கு முன் வாழ்ந்தவரின் பெயர் பொறித்த குடத்து நீரை வாழ்நாளெல்லாம் அருந்தினார். அத்தையைத் தம் மகளாகவே வளர்த்து மணமுடித்து வைத்தார். அத்தை தம் மகனுக்கு இட்ட பெயரையும் தடுக்கவில்லை. இதனை எழுதாவிட்டால் தாத்தாவின் பெருந்தன்மையும் மறைந்தே போகும்.

தந்தையார் கைப்படியை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்தார். திருப்பித் தந்தபோது ஓரிடத்தில் மட்டும் திருத்தம் இருந்தது. அத்தையைக் குறித்து 'மாற்றாந் தந்தை' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'அப்பா' என்று எழுதியிருந்தார்.

அத்தையிடம் கேட்டதற்கு அவர் ஒன்றே சொன்னார்: "பேரை மட்டும் தப்பாப் போட்டுடாதே, தம்பி."

அப்பெயரை இக்கட்டுரையில் நான் எழுதவில்லை. அஃது எம் குடும்ப ஏட்டில், மூன்று பேர் சரிபார்த்த எழுத்துகளில், இருக்கிறது. அதனை ஊரறியச் சொல்லும் உரிமை அத்தைக்கும் அவர் மக்களுக்குமே உரியது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

மந்தின் வட்டாரத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாய் மறைந்துவிட்டன. 1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது; நீலாய் முதல் சிரம்பான் வரை புதுக் குடியிருப்புகள் பெருகின. பெரட்டுக் களங்கள் சாலைகளாயின. தோட்டத்து இடுகாடுகளில் நம்மவர் பெரும்பாலும் கல் நடவில்லை, மண்மேடே அடையாளம். மேடு கரைந்தால் ஆளும் இல்லை. கங்காணி முறையில் வந்த தலைமுறை மறைந்துவிட்டது. சப்பானியர் காலத்தைக் கண்ட தலைமுறையினர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர் அல்லது கடந்துவிட்டனர்.

ஆகவே தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடம் மூன்றே கேள்விகளைக் கொடுத்து அனுப்புவாராக. உன் பாட்டி தண்ணீர் எடுத்த குடம் எங்கே? உன் வீட்டில் யாருக்கு யாருடைய பெயர் இடப்பட்டது? உன் குலதெய்வத்தின் அருகே ஓடும் ஆறு எது? விடைகளை மாணவர் தம் கையாலேயே எழுதட்டும். நாளும், சொன்னவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டட்டும். வரலாற்றாய்வின் அடிப்படை இவ்வளவே. பிறப்புப் பத்திரம் இல்லாமையால் குடியுரிமைக்கு அல்லலுறும் நம்மவர் சிலருக்கு இத்தகைய ஏடு ஒருநாள் வாழ்வாதாரச் சான்றாகவும் உதவக்கூடும்.

இறுதியாக ஒன்று. எந்த ஆத்தூர் என்னும் வினாவுக்கு விடை அத்தையிடமே கிடைத்தது. "வசிட்ட நதின்னு ஒண்ணு ஓடுமாம். எங்கம்மா சொல்லும்," என்றார். சேலத்தை அடுத்த ஆத்தூரின் ஆறு அது. நானும் அத்தானும் அங்கே சென்றோம். ஊர் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நாங்கள் சென்றபோது ஆற்றில் நீரில்லை, மணல்தான் இருந்தது. வசிட்ட நதி சுவேத நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெற்று, பறங்கிப்பேட்டை அருகே வங்கக் கடலில் கலக்கிறது என்று அங்கிருந்த முதியவர் ஒருவர் விளக்கினார். அந்தக் கடலின் மறுகரையிலிருந்துதான் நாங்கள் வந்திருந்தோம். அத்தான் குனிந்து மணலை ஒரு கைப்பிடி அள்ளி, கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

சிரம்பானுக்குத் திரும்பியதும் அதனை அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைக் குடத்துக்குள் போட்டு வைத்தார். நதிமூலம் பார்க்கலாகாது என்று அவர் சொல்லவில்லை.